பில்லில் வராத மணி

அரிவாள்மணையில் உட்கார்ந்து கொத்தவரங்காய் நறுக்கியபோது, ஒவ்வொரு காயையும் பத்ரிநாத்தின் விரலாக நினைத்துக்கொண்டுதான் ருக்மிணி நறுக்கினாள். போலீஸில் ஏசிபியாக இருக்கும் அந்தப் புண்ணியவான் அன்று பகல் சாப்பாட்டுக்கு வருகிறான். ஓடிப்போன பெண்ணைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தானாம், அதற்கு நன்றி விருந்து. பருப்பு உசிலி, மோர்க்குழம்பு, இனிப்புக்குத் திருக்கண்ணமுதுப் பாயசம் என்று சொல்லிவிட்டுப் போனவர் அவள் கணவர் சேஷகிரி. அரசுத் தலைமைச் செயலகமான விதான சௌதாவில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு ஆபீஸிலிருந்துதான். தொம்மலூர் வீட்டில் இன்னமும் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஓடிப்போன பெண்ணாம்! ஸ்னேஹாவுக்கு இருபத்தாறு வயது. கோரமங்கலாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஓட்டுப் போடுகிறாள், வருமான வரி கட்டுகிறாள். அவளைப் போய் ஓடிப்போனவள் என்று சொல்லும் வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் என்ன என்று ருக்மிணிக்கு மூன்று நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. தோன்றியதோடு சரி. அடுப்பில் கொள்ளிக்கட்டையும் இல்லை, கேஸ் அடுப்பு.

ஸ்னேஹா கல்யாணம் செய்துகொள்ள நினைத்த பையன் பெயர் டொமினிக். அதே கம்பெனியில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலை பார்ப்பவன், ஸ்ரீராம்புரத்துக்காரன். அவன் அப்பா ரெமிஜியஸ் தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் வால்வைத் திறந்து மூடுகிறவர். பெண் இதை வீட்டில் சொன்ன அன்று, பையன் எப்படிப்பட்டவன் என்று சேஷகிரி கேட்கவில்லை. அவன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு வந்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸில் நோட்டீஸ் கொடுத்தார்கள். கொடுத்தபின் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும், சட்டம் அப்படி. நோட்டீஸை ஆபீஸ் பலகையில் வேறு ஒட்டிவைப்பார்கள். அப்பாவின் காதுக்கு எட்டினால் அந்த ஒரு மாதத்துக்குள் என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று ஸ்னேஹாவுக்குத் தெரியும். அதனால் அந்த மாதத்தை எங்காவது மறைவாக ஓட்டிவிட நினைத்தாள். இடம் பார்த்துக் கொடுத்தது ருக்மிணிதான். அவர்கள் வீட்டில் வெகுகாலம் பாத்திரம் தேய்த்த முத்தம்மா, மகனோடு சந்தாபுராவில் குடியேறியிருந்தாள். அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. அந்த விலாசம் முத்தம்மாவை விட்டால் டொமினிக்குக்கும் ருக்மிணிக்கும் மட்டுமே தெரியும்.

போகும்போது ருக்மிணி மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். தினம் சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால். பேச வேண்டாம், எடுக்க வேண்டாம். ஒரு ரிங் அடித்துவிட்டு வைத்துவிடு, நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன் என்றாள். ஸ்னேஹா தயங்கினாள். புது நம்பர்தான், அதையும் நாளெல்லாம் அணைத்துத்தான் வைக்கப்போகிறேன், இது எதற்கம்மா என்றாள். பில்லில் வராதுடி, அப்பாவால் கண்டுபிடிக்க முடியாது என்று ருக்மிணி அடித்துச் சொன்னாள்.

அந்த வீட்டில் அது பெரிய நியாயம். ஸ்னேஹா முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கித் தந்த செல்போனின் பில் ஒவ்வொரு மாதமும் வரும்போது, சேஷகிரி சிவப்புப் பென்சிலோடு உட்காருவார். இது யார், அது யார், இவ்வளவு நேரம் என்ன பேச்சு என்று வரிவரியாகக் கேள்வி வரும். அவரோடு குடும்பம் நடத்தி நடத்தி, பில்லில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று ருக்மிணியும் நம்பிவிட்டாள். மிஸ்டு காலுக்குக் காசில்லை. காசில்லாததற்கு பில் ஏது?

அப்படியே தினமும் நடந்தது. பெருமாள் படத்துக்கு முன்னால் ருக்மிணி விளக்கேற்றுவாள். பக்கத்தில் வைத்திருக்கும் போன் ஒருதரம் மணி அடித்து ஓயும். அவள் கையைக் கூப்புவாள். கும்பிட்டது பெருமாளையா போனையா என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

கல்யாணத் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்போது சந்தாபுராவில் ஜீப் வந்து நின்றது. பத்ரிநாத்தும் நாலைந்து போலீஸ்காரர்களும், கூடவே சேஷகிரியும். முத்தம்மாவின் மகனுக்குக் கன்னத்தில் ஓர் அறை. அந்த நேரம் பார்த்து அங்கே வந்திருந்த டொமினிக்கை வேறு வண்டியில் ஏற்றினார்கள். ஸ்டேஷனில் ஜட்டியோடு உட்கார வைத்து விடிய விடிய அடித்தார்கள். இனி அந்தப் பெண் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று சொல்லவைத்து மறுநாள் விட்டார்கள். ஸ்னேஹாவைத் தொம்மலூருக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். அவள் போனைச் சேஷகிரி பிடுங்கி வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அவளைப் பூனாவில் இருக்கும் அண்ணன் கேசவ் வீட்டுக்கு அழைத்துப் போவதென்று முடிவாகிவிட்டது.

இத்தனையையும்கூட ருக்மிணி எப்படியாவது பொறுத்திருப்பாள். ஜீப்பிலிருந்து இறங்கி உள்ளே வந்த ஸ்னேஹா, அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

"நீயே சொல்லிட்டியேம்மா."

ருக்மிணி பெருமாள் மேல் சத்தியம் செய்தாள். ஸ்னேஹா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜீப்பில் வரும்போது பத்ரிநாத்தே சொன்னானாம், உங்கம்மாதான் மனசு கேக்காம விலாசத்தைச் சொன்னா என்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப்பின் ஸ்னேஹா கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தட்டில் கொண்டுபோய் வைத்த சாதம் அப்படியே ஆறிப்போய்த் திரும்பி வந்தது. முத்தம்மாதான் காட்டிக்கொடுத்திருப்பாளோ என்று ருக்மிணி அவளுக்குப் போன் செய்து கேட்டே விட்டாள். பேரன் தலையில் அடித்துச் சத்தியம் செய்வதாக முத்தம்மா அழுதாள். கேட்டிருக்கவே கூடாது என்று ருக்மிணிக்கு வெட்கமாகிவிட்டது. சேஷகிரியிடம் கேட்டதற்கு, போலீஸுக்கு ஆயிரம் வழி, உனக்கெதுக்கு என்றார்.

மூன்றாம் நாள் இந்த விருந்து.

பத்ரிநாத் வந்தான். சேஷகிரியோடு வேலை பார்த்தவரின் பிள்ளை, அரை நிஜார் காலத்திலிருந்து இந்த வீட்டில் முறுக்கும் தட்டையும் தின்று வளர்ந்தவன். இவளை மாமி என்பான், இவரை மாமா என்பான். கெட்டவன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் காலைத் தொட்டு நமஸ்காரம் செய்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஹாலிலேயே இலை போட்டாள். ஸ்னேஹாவின் அறைக்கதவு நாலடி தள்ளி, எப்போதும்போல் சாத்தியிருந்தது. பத்ரிநாத் ரசித்துச் சாப்பிட்டான். மாமி கைமணத்தைப் புகழ்ந்தான், தன் வீட்டு மோர்க்குழம்பைக் கேலி செய்தான். சேஷகிரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். இரண்டாம் தரம் குழம்பு விடக் கரண்டியை எடுத்தபோது, பத்ரிநாத் நிமிர்ந்து, நிஜமான அக்கறையோடு ஒன்று கேட்டான்.

"மாமி, உங்க ஃப்ரெண்ட் வேதநாயகி மாமிக்கு அந்த டெஸ்ட் ரிசல்ட் வந்துடுத்தா? கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்கோ. ஆஸ்பத்திரில எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்கார்."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

வேதநாயகி ருக்மிணியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். அல்சூரில் இருக்கிறாள். மார்பில் ஒரு கட்டி. புருஷனுக்குச் சொல்லவில்லை, மருமகளுக்குச் சொல்லவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே நின்றுகொண்டு, ருக்மிணிக்கு மட்டும் போனில் சொல்லி அழுதாள். பயாப்ஸி எடுத்திருக்கிறார்கள், யாரிடமும் மூச்சு விடாதே என்றாள். ருக்மிணி சேஷகிரியிடம்கூட மூச்சு விடவில்லை.

இவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நிமிஷம் ருக்மிணிக்கு ஒன்றும் ஓடவில்லை. அப்புறம் எல்லாம் ஒன்றாக ஓடியது. கொதிக்கிற குழம்பை அப்படியே அவன் உச்சந்தலையில் கவிழ்த்திருப்பாள், சத்தியமாகக் கவிழ்த்திருப்பாள். கண் மட்டும் அந்தச் சாத்திய கதவின்மேல் போய் விழுந்தது. கையை இறக்கினாள். குழம்பை இலையிலேயே விட்டாள்.

"இன்னும் வரலைடா," என்றாள். பிறகு கதவுக்கு அந்தப்பக்கமும் கேட்கிற மாதிரி குரலை உயர்த்திக்கொண்டாள். "அது கெடக்கட்டும். நீ எப்படிடா இவளைக் கண்டுபிடிச்சே? மாமா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார். நீ கெட்டிக்காரன், நீ சொல்லு."

சாப்பிடுகிற நேரத்தில் போலீஸ் கதை எதற்கு என்று சேஷகிரி குறுக்கிட்டார், இரண்டு தரம் இருமினார். பத்ரிநாத்துக்கு அந்த இருமல் காதில் ஏறவில்லை. கெட்டிக்காரன் என்ற சொல் ஏறிவிட்டது. நம்மாத்து மனுஷாதானே மாமா என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தான்.

வேலை ஒன்றும் பெரிய வேலை இல்லையாம். பெண் யாரோடு பேசாவிட்டாலும் அம்மாவோடு பேசாமல் இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியுமாம். அதனால் மாமாவிடம் மாமி நம்பரைக் கேட்டானாம், மாமா உடனே கொடுத்தாராம். ஒரு கான்ஸ்டபிளை உட்கார வைத்து மாமியின் பேச்சை எல்லாம் கேட்க ஏற்பாடு செய்தானாம். அந்தக் கான்ஸ்டபிளும் பாவம், வேதநாயகி மாமி அழுததைக் கேட்டு மனசு கஷ்டப்பட்டானாம். பெண் பேசவே இல்லை. ஆனால் தினம் சாயங்காலம் ஒரே நம்பரிலிருந்து ஒரு ரிங் வந்தது, வந்து நின்றது.

"மிஸ்டு கால் பில்லுல வராதேடா?"

"பில்லு காசுக்குத்தானே மாமி." பத்ரிநாத் சிரித்தான். "அந்த போனை ஆன் பண்ணின ஒடனேயே எந்த டவர்கிட்ட இருக்குன்னு போன் கம்பெனி மெஷினுக்குத் தெரிஞ்சுடும். இல்லேன்னா உங்காத்துல மணி எப்படி அடிக்கும்? டவர் கெடைச்சுது, சந்தாபுரா. கான்ஸ்டபிள் ஸ்னேஹா போட்டோவை எடுத்துண்டு ரெண்டு கடை ஏறி எறங்கினான், முடிஞ்சது."

தினம் தினம் தானேதான் மகளை மணி அடிக்கச் சொல்லிக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று ருக்மிணிக்குப் புரிந்தது. அப்பளாத்தை எடுத்து அவன் இலையில் வைத்தாள். இதற்கெல்லாம் மேலிடத்தில் எழுதி உத்தரவு வாங்க வேண்டாமா என்று கேட்டாள்.

"நம்மாத்துக் காரியத்துக்கு யார் மாமி பேப்பர் போடுவா? கேஸே கெடையாதே. போன் கம்பெனில இருக்கறவன் நமக்குத் தெரிஞ்சவன், ஒரு போன் போட்டேன். ஏனூ தொந்தரே இல்ல, ஒரு தொந்தரவும் இல்லே."

"அப்போ நான் விலாசம் சொல்லலை."

"நீங்க எங்க மாமி சொன்னேள்? நீங்க கல்லு மாதிரி இருந்தேள்."

"அப்பறம் ஏன்டா ஜீப்புல அவகிட்ட நான் சொன்னேன்னு சொன்னே?"

இப்போது சேஷகிரி நிமிர்ந்தார். பத்ரீ என்று கூப்பிட்டார். அவன் அப்பளாத்தை நொறுக்கிக்கொண்டே, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகப் பதில் சொன்னான்.

"டவரைப் பாத்துப் பிடிச்சோம்னு சொன்னா, எந்த ஆர்டர்ல பாத்தேள்னு நாளைக்கு ஒரு வக்கீல் கேப்பான். அம்மா சொன்னான்னா யார் என்ன கேக்க முடியும்? மாமாகூட அதுதான் நல்லதுன்னார்."

கதவு திறந்தது.

ஸ்னேஹா நின்றாள். மூன்று நாளாகச் சாப்பிடாத முகம். அழுவாள் என்று ருக்மிணி நினைத்தாள். அழவில்லை. அப்பாவைப் பார்த்தாள், பத்ரிநாத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்ச் சந்தாபுராவிலிருந்து கொண்டுவந்த, இன்னும் பிரிக்காத பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். செருப்பைக் காலில் தள்ளினாள்.

பத்ரிநாத் எச்சில் கையோடு எழுந்தான். எங்கே போகிறாய், உட்கார் என்று அவன் குரல் மாறியது. அது மாமி என்று கூப்பிடுகிற குரல் இல்லை, ஸ்டேஷன் குரல். டொமினிக் இந்தக் குரலைத்தான் கேட்டிருப்பான். ருக்மிணி குழம்புப் பாத்திரத்தைத் தரையில் டணார் என்று வைத்துவிட்டு நடுவில் போய் நின்றாள்.

"எந்தக் கேஸுல நிறுத்தப்போறே? கேஸே கெடையாதுன்னு இப்பதான் உன் வாயால சொன்னே. பேப்பரும் கெடையாதுன்னே. அவ மேல கைய வெச்சேன்னா தெருவுல நின்னு கத்துவேன். ஒக்காந்து எலையைப் பாத்துச் சாப்பிடு."

ஏசிபி ஒருதரம் மாமாவைப் பார்த்தான். அவன் கையிலிருந்து மோர்க்குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரவும் இல்லை, நகரவும் இல்லை.

எல்லாம் உன் நன்மைக்கும் பெண்ணின் நன்மைக்கும்தான், குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறது என்று சேஷகிரி ஆரம்பித்தார். என் சம்சாரத்தின் நம்பரைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லையா என்றும் கேட்டார். ருக்மிணி அவர் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்துக் குரல் உயர்த்தாதவள். இன்றைக்கும் உயர்த்தவில்லை.

"மானத்தைப் பத்திப் பேசாதீங்கோ. நான் குளிக்கற ரூம் கதவைத் திறந்து அவனை எட்டிப்பாக்கச் சொல்லியிருந்தேள்னாகூட எனக்கு இவ்ளோ அசிங்கமா இருந்திருக்காது. வேதநாயகி குழாயைத் திறந்து விட்டுண்டு அழுதா. சொந்தப் புருஷனுக்குத் தெரியாததை எவனோ ஒரு கான்ஸ்டபிள் காதுல மாட்டிண்டு கேட்டிருக்கான். நாளைக்கு அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? என் பொண்ணு என்னைத் துரோகின்னு நெனச்சுண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா, நீங்க இங்க ஒக்காந்து பேப்பர் படிச்சுண்டிருந்தேள்."

ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் எடுத்தாகிவிட்டதே என்று சேஷகிரி முணுமுணுத்தார். நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு ருக்மிணி மகளோடு வாசலுக்கு வந்தாள்.

பட்டப்பகல் வெயில். எதிர் ஆபீஸ் கட்டடத்திலிருந்து டீ குடிக்க வந்தவர்கள் தெருவில் நின்றிருந்தார்கள். நேராக ஸ்ரீராம்புரத்துக்கே போகிறேன், இனி ஒளிய மாட்டேன் என்றாள் ஸ்னேஹா. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உன்னைப் போய் அப்படி நினைத்துவிட்டேனே என்று சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், அதற்காகத்தானே அப்படிச் சொன்னான் படுபாவி என்றாள் ருக்மிணி. ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஏறி உட்கார்ந்தபின் ஸ்னேஹா பழைய பழக்கத்தில் கேட்டாள். "போய்ச் சேந்ததும் ஒரு ரிங் கொடுக்கட்டுமாம்மா?"

"கொடுக்காதே," என்றாள் ருக்மிணி. "எந்த போன்லேர்ந்தும் கொடுக்காதே. தேதி எனக்குத் தெரியும். அன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடறேன். அதுவரைக்கும் நீ நன்னா இருக்கேன்னு நானே நெனச்சுக்கறேன்."

ஆட்டோ திருப்பத்தில் மறைந்தது. அவள் உள்ளே வந்தபோது பத்ரிநாத் போய்விட்டிருந்தான். இலையில் திருக்கண்ணமுது தொடாமல் கிடந்தது. எடுத்துக் குப்பையில் போட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல் விளக்கேற்றினாள். காலையில் எழுந்ததும் முதல் வேலையாக பஸ் பிடித்து அல்சூருக்குப் போய் வேதநாயகியிடம் நேரில் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. போன் பெருமாள் படத்துக்குப் பக்கத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில் இருந்தது.

சேஷகிரி நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். படத்தைப் பார்ப்பதுபோல் போனைப் பார்த்தார். பிறகு போய்ச் சேந்தாளா என்று கேட்டார். அவருக்கும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பெற்றவர்தானே.

"பத்ரியைக் கேளுங்கோ," என்றாள் ருக்மிணி. "அவனுக்குத்தான் எல்லாம் தெரியும்."

அவர் நாற்காலிக்குத் திரும்பினார். விளக்கு எரிந்தது. மணி அடிக்கிற நேரம் வந்தது. அடிக்காதே என்று சொன்னவள் அவள்தான். ஆனாலும் அந்த நேரம் தாண்டும்வரை ருக்மிணி போனுக்கு முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.